கேட் பாஸ் வாங்கிய பச்சைத் துப்பாக்கி

நான் துப்பாக்கி வைத்திருந்தவன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கரப்பான்பூச்சி பறந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் எழுத்துப்பூர்வமாக ஆதாரம் இருக்கிறது. பொருள்: துப்பாக்கி. எண்ணிக்கை: ஒன்று. நிறம்: பச்சை. கீழே என் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, கேட் காவலாளியின் கையெழுத்து. என் டிகிரி சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. இந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தில், குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் என் மனைவி தமிழ்ச்செல்வியின் பெயரில். சுரங்க அலுவலகத்தில் அவள் பெர்மனெண்ட். நான் முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், எரிந்துபோன மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றித் தரும் ஒரு தனியார் ஷெட்டில் சூப்பர்வைசர். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். (வீட்டிலும் அவள் பெர்மனெண்ட், நான் கான்ட்ராக்ட்தான் என்பது என் மச்சினனின் அபிப்பிராயம்.)

தமிழ்ச்செல்வி ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு த்ரீ டி பிரிண்டர் வாங்கியிருந்தாள். பிளாஸ்டிக் இழையை உருக்கி, வரி வரியாக அடுக்கி, நாம் கேட்கிற உருவத்தைச் செய்து தருகிற இயந்திரம். அதில் அவள் கொலு பொம்மைகள் செய்வாள். கையில் பச்சைக்கிளியோடு ஓர் ஆண்டாள் செய்வாள் பாருங்கள், கிளி இப்போது பேசிவிடும் என்று தோன்றும். அந்த வருடம் நவராத்திரிக் கண்காட்சியில் முதல் முறையாகக் கடை போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். வேலையில் இருப்பவள் என்பதால் அனுமதி வேண்டும். விண்ணப்பம் நகரிய அதிகாரி ஒருவரின் மேஜையில் கிடந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் சாமி கும்பிட்டதெல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான்.

அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டில் வீட்டிலேயே துப்பாக்கி அச்சடிக்கிறார்கள் என்று டிவியில் தினமும் விவாதம். எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது நம் நாட்டில் ஏற்கெனவே குற்றம்தானே, புதிதாக என்ன சட்டம் என்றது ஒரு கூட்டம். பிரிண்டர் வாங்குகிறவன் பெயரையே பதிவு செய்ய வேண்டும், துப்பாக்கி வரைபடத்தை அனுப்புவதையே குற்றமாக்க வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். காலை வணக்கம் அனுப்புவதைக்கூட நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்கள். இதைப் பார்த்த குடியிருப்போர் சங்கம், ‘வீட்டில் அச்சிடும் துப்பாக்கி: இருக்கும் சட்டம் போதுமா, பிரிண்டருக்கே கட்டுப்பாடு வேண்டுமா?’ என்று பட்டிமன்றம் வைத்துவிட்டது. நடுவர் யார் தெரியுமா? எந்த மேஜையில் தமிழ்ச்செல்வியின் விண்ணப்பம் கிடந்ததோ, அந்த அதிகாரி.

‘இருக்கும் சட்டமே போதும்’ அணிக்கு நானே போய்ப் பெயர் கொடுத்தேன். தமிழ்ச்செல்வி ஒன்று மட்டும் கேட்டாள்.

“தாராளமா பேசுங்க. ஆனா என் பிரிண்டர மேடைக்கு இழுக்காதீங்க. அவர் கையெழுத்து போடுற வரைக்கும் வம்பே வேணாம். புரியுதா?”

“நான் என்ன சின்னப் பையனா?” என்றேன்.

எனக்கு யோசனை வருவது அபூர்வம். அதனால் வந்தால் விடமாட்டேன். பேச்சின் நடுவே ஒரு பொம்மைத் துப்பாக்கியை எடுத்துக் காட்டி, “இதைப் பார்த்தா பயப்படுறீங்க? வெறும் பிளாஸ்டிக்!” என்று முழங்கினால் கைதட்டல் அள்ளிக்கொண்டு போகும் என்று தோன்றியது. தலைவலி என்று ஒரு நாள் லீவு போட்டேன். தமிழ்ச்செல்வி ஆபீஸ் போனதும், ஒரு பொம்மைப் படத்தை இறக்கி, அவளுடைய பிரிண்டரில் கொடுத்தேன். குழலில் ஓட்டைகூடக் கிடையாது, விசை அசையாது, சுத்தப் பொம்மை. கையில் கிடைத்த இழை கிளிப்பச்சை. ஆண்டாளின் கிளிகளுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்தது. நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளை பெற்றவனைப் போல வாங்கிக்கொண்டேன்.

பட்டிமன்றம் மாலை ஐந்தரைக்கு. ஷெட் விடுவது ஐந்துக்கு. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. ஆகவே துப்பாக்கியைச் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்து வேலைக்கே எடுத்துப்போனேன். போனதும் வழக்கம்போலப் பையை ஓவன் மேல் வைத்தேன். வார்னிஷ் பூசிய மோட்டார்களை வைத்துச் சூடேற்றுகிற ஓவன் அது. அதன் தலையில் பையை வைத்தால் மத்தியானம் வரைக்கும் சாப்பாடு சூடாக இருக்கும். (தயிர்சாதத்தைச் சூடாகச் சாப்பிடுகிற ஒரே மனிதன் என்று ஷெட்டில் எனக்குப் பெயர் உண்டு.) மத்தியானம் டப்பாவை மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன். அடியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

எங்கள் ஷெட்டில் தாமிரக் கம்பி நிறைய. அதனால் உள்ளே போகிறபோது யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வெளியே வருகிறபோது சட்டைப்பை முதற்கொண்டு சோதனை. கேட்டில் இருப்பவர் குறிஞ்சிப்பாடிக்காரர் ஏழுமலை. முதலாளியின் டிபன் கேரியரையே திறந்து பார்த்தவர். அன்று மாலை என் பைக்குள் கைவிட்டு, துப்பாக்கியை வெளியே எடுத்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஓவன் சூட்டில் குழல் இளகி, கீழ்நோக்கி வளைந்து தொங்கியது.

“இன்னா சார் இது, பாத்ரூம் கொழாயா?” என்றார் ஏழுமலை.

‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நாலு மணி நேரம் உட்கார்ந்து செய்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“குழாய் இல்லைங்க. துப்பாக்கி!”

ஏழுமலை அதை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

“பொம்மைங்க, பட்டிமன்றத்துல காட்டுறதுக்கு” என்றேன் அவசரமாக.

“பொம்மையோ நெசமோ, அது வேற கத. ஷெட்டுலேர்ந்து ஒரு பொருளு வெளிய போவுது. கேட் பாஸ் எங்க?”

“இது ஷெட் பொருளே இல்ல. வீட்லேர்ந்து கொண்டு வந்தேன்.”

“வூட்லேர்ந்து கொண்ணாந்தீங்களா? அப்ப காலைல வரவு நோட்டுல எழுதுனீங்களா?”

“இல்ல.”

“உள்ள வந்ததா எழுதல. வெளிய மட்டும் போவுது. அப்ப இங்கியே செஞ்சதுன்னுதான சார் ஆவுது?”

பாஸ் புத்தகத்தை வாங்கி நானே எழுதினேன். ஐந்தே கால் ஆகிவிட்டது, அவசரம். ‘பொம்மை’ என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். நோக்கம் என்ற இடத்தில் ‘பட்டிமன்றம்’ என்று எழுதினேன். ‘திரும்ப வர வேண்டிய பொருளா?’ என்று ஒரு கட்டம். இல்லை என்றால் முதலாளியும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் கடலூரில். ஆகவே ‘ஆம்’. மேனேஜர் போனில் பேசிக்கொண்டே, பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பப் போனவனை ஏழுமலை நிறுத்தினார். “திரும்பி வர்ற பொருளு சார். நாள தவறிச்சின்னா என்னியதான் கேப்பாங்க. எனக்கும் டூட்டி முடிஞ்சிடிச்சி, நானே கூட வந்து வாங்கிகினு போறன். பட்டிமன்றம் பாத்தாப்புலயும் ஆச்சி.”

ஆக, பச்சைத் துப்பாக்கி என் பையில், கேட் பாஸ் ஏழுமலையின் சட்டைப்பையில், ஏழுமலை என் வண்டியின் பின்சீட்டில். மூவரும் போய்ச் சேர்ந்தோம்.

தொங்குகிற குழலை மேடையில் காட்டினால் மானம் போய்விடும் என்று, அதை எடுப்பதே இல்லை என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அது ஒன்றுதான் அன்று நான் எடுத்த நல்ல முடிவு.

மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் தமிழ்ச்செல்வி, விண்ணப்பத்தின் நினைப்பிலேயே நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணியில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் சண்முகசுந்தரம் சார், திருநெல்வேலிக்காரர். கத்தாமல் பேசுவார், அதுதான் ஆபத்து.

“லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக்கு நம்பர் உண்டு. எங்க செஞ்சது, யார் கைக்குப் போச்சுன்னு தேடிப் பிடிச்சிரலாம். வீட்ல அச்சடிச்சதுக்கு நம்பர் ஏது? சட்டம் இருக்குன்னு சொல்லுதாங்க. இருக்கட்டும். செஞ்சதே தெரியலன்னா சட்டம் யாரைப் போய்ப் பிடிக்கும்?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒங்க வீட்லயும் ஒரு பிரிண்டர் இருக்காம்லா. அதுல என்னென்ன வருதுன்னு யாரு எழுதி வைக்கா?”

மேடைக்கு இழுத்தது நான் இல்லை, அவர்தான். பேசாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தமிழ்ச்செல்வியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவளுடைய பிரிண்டரைக் காப்பாற்ற வேண்டிய வீரன் நான்தான் என்று தோன்றிவிட்டது. எழுந்தேன்.

“நடுவர் அவர்களே! எதற்கு எழுதிவைக்க வேண்டும்? அரிவாள்மனைக்குப் பதிவேடு உண்டா? லேத் மெஷினுக்கு உண்டா? தப்பு செய்வது ஆள், இயந்திரம் அல்ல! நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன். என் மனைவியின் பிரிண்டரிலிருந்து சாமி பொம்மையைத் தவிர ஒரு துரும்புகூட இதுவரை வெளியே வந்ததில்லை!”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

கைதட்டல் அடங்கியதும் கடைசி வரிசையில் ஏழுமலை எழுந்து நின்றார்.

“சார், ஏழு மணி பஸ்ஸுக்குப் போவணும். அந்தத் துப்பாக்கியக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பிடுவன்.”

மண்டபமே கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது.

“எந்தத் துப்பாக்கி?” என்றார் நடுவர்.

“அந்த சாரு பையில கீதுங்க. ரெகார்டு இருக்கு” என்று ஏழுமலை நேராக மேடைக்கே வந்து கேட் பாஸை நீட்டினார். நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைக்கிலேயே வாசித்தார். பொருள்: துப்பாக்கி. எண்ணிக்கை: ஒன்று. நோக்கம்: பட்டிமன்றம். முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். நான் பையைத் திறந்து, தொங்கிய குழலோடு அந்தப் பச்சைப் பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

சிரிப்பு வெடித்தது. நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. “இது எங்க செஞ்சது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ்ச்செல்வி எழுந்து நின்றாள். அந்தப் பச்சையை அவள் பார்த்த நொடியிலேயே கண்டுபிடித்திருப்பாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுடைய விண்ணப்பம் பிழைத்திருக்கும்.

“என் பிரிண்டர்ல வந்ததுதான் சார். எனக்குத் தெரியாது, ஆனா என்னோடதுதான்” என்றாள். “சண்முகசுந்தரம் சார் சொல்றதுதான் சரி. என் வீட்டுக்குள்ள என்ன அச்சாகுதுன்னு எனக்கே தெரியல. நாளைலேர்ந்து நான் நோட்டு போட்டு எழுதுறேன். யாரும் சட்டம் போடுற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.”

உண்மையைச் சொல்கிறேன், தோற்றதற்காக எனக்கு வருத்தமில்லை. அவள் அவ்வளவையும் என்னைப் பார்க்காமல் பேசினாள். அது வலித்தது. அதே நேரத்தில், இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். “குற்றத்துக்கு இருக்கிற சட்டம் போதும்னு ஒத்துக்கிறேன். ஆனா இன்னைக்கு உருப்படியா கேள்வி கேட்டவர் இந்தக் காவலாளி ஒருத்தர்தான். எங்கேர்ந்து வந்துச்சு, யார் செஞ்சது, எங்க போகுது, திரும்பி வருமா? இதைக் கேட்க ஆள் வேணும். கட்டுப்பாடு வேணும்ங்கிற அணிதான் ஜெயிச்சுது.” ஏழுமலைக்குச் சங்கத்தின் சார்பில் துண்டு போர்த்தினார்கள். எனக்குப் போர்த்த வைத்திருந்த துண்டு அது. அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தமிழ்ச்செல்வி வண்டியின் பின்னால் என் தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பிளாக் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, “மன்னிச்சுடு. என்னால உன் கடை போச்சு” என்றேன். முதுகுப் பக்கம் ஏதோ குலுங்கியது. அழுகிறாள் என்று பதறித் திரும்பினால், சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துப்பாக்கியாவது வெக்கப்பட்டுத் தலைய குனிஞ்சுது. நீங்க?”

திங்கட்கிழமை ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, அதை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனாள். கையெழுத்து கிடைத்தது. நிபந்தனை ஒன்று: கடையிலும் அந்த நோட்டு இருக்க வேண்டும். ஆண்டாள்கள் மூன்றாவது நாளே விற்றுத் தீர்ந்தன. கடைசி நாலு ஆண்டாள்களுக்கு மட்டும் கிளி மஞ்சள் நிறம். பச்சை தீர்ந்த கதையை வாங்கியவர்களிடம் அவளே விளக்கமாகச் சொன்னாள்.

திரும்ப வந்த துப்பாக்கி ஷெட்டின் கேட் அறையிலேயே இருக்கிறது. வெளியே எடுக்கக் கேட் பாஸ் வேண்டும், எனக்குத் துணிச்சல் இல்லை. ஆயுத பூஜைக்கு ஏழுமலை அதற்குப் பொட்டு வைக்கிறார். ‘திரும்பியது’ என்று எழுதி அவர் கொடுத்த பாஸ்தான் தமிழ்ச்செல்வியின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் யாராவது ஒருவர், “கேட் பாஸ் இருக்கா?” என்பார்கள். மாமனார் வந்தால் என் பையைத் திறந்து பார்க்காமல் வழியனுப்புவதில்லை.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். ஒரு ஜோடிக் கிளி அச்சடித்துத் தமிழ்ச்செல்விக்குக் கொடுக்கலாம் என்று நோட்டைத் திறந்து ஒழுங்காக எழுதினேன். பொருள்: கிளி. எண்ணிக்கை: இரண்டு. யாருக்கு: பெர்மனெண்டுக்கு. செய்தவர்: கான்ட்ராக்ட். அனுமதிக்காக மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் கையெழுத்துப் போட்டிருந்தாள். ‘செய்தவர்’ என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் அவள் கையெழுத்தில் ‘இவரும் பெர்மனெண்ட்’ என்று இருந்தது.