எல்லோருக்கும் ஒன்றாம் நம்பர் அறை

படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்து என்று உபதேசிப்பவர்கள் யாரும் அக்கா கல்யாணத்தில் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன்.

அப்போது கடலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. விர்ச்சுவல் மெமரி பாடம் எனக்குப் புரிந்து தொலைத்திருந்தது. (வகுப்பில் எனக்கு மட்டும்தான் என்று வேறு நினைப்பு.) ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் மொத்த மெமரியும் தனக்கே என்று நம்பிக்கொண்டிருக்கும். அது சொல்லும் முகவரி நிஜமானதல்ல. ஓர் அட்டவணையைப் பார்த்து அதை உண்மையான இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இடம் போதாவிட்டால், சும்மா கிடப்பதை வெளியே தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருவார்கள்.

கல்யாணம் சிதம்பரத்தில். மண்டபத்தில் நான்கு அறைகள், மாப்பிள்ளை வீட்டில் ஒன்பது குடும்பங்கள். ஒன்றாம் நம்பர் அறை கிடைக்காவிட்டால் ஒன்பது பேருக்கும் மரியாதைக் குறைவு.

"நீ கவலப்படாதப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன். (அப்பா கவலைப்பட்டிருக்கலாம்.)

கதவுகளில் இருந்த எண்களைக் கழற்றினேன். எல்லோரிடமும், "உங்களுக்கு ஒண்ணாம் நம்பர்" என்றேன். டிபன் சாப்பிடப் போனவர்களின் பைகளைச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குக் கடத்திவிட்டு, அந்த அறையில் அடுத்த குடும்பத்தை ஏற்றினேன். எது யாருடையது என்பது என் நோட்டில் இருந்தது. பெரியவர்களிடம் பெயர் கேட்க முடியுமா? எல்லோரையும் மாமா என்றே கூப்பிட்டேன், அப்படியே எழுதியும் வைத்தேன். மாமா, கறுப்புப் பை. மாமா, கறுப்புப் பை. மாமா, பச்சைப் பெட்டி.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். "தம்பி, நம்ம பையக் குடு. தாலி அதுலதான் இருக்கு."

இருந்த ஒரே கறுப்புப் பையைக் கொடுத்தேன். திறந்தால் ஒரு லுங்கியும் பிரஷர் மாத்திரையும். இன்னொரு கறுப்புப் பையை, நடவுக்கு ஆள் விட்டிருக்கிறேன் என்று அவசரமாகக் கிளம்பியவரிடம் நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். அது இந்நேரம் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில்.

"எந்த மாமாடா?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"மாமாதாம்ப்பா."

மணவறையிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐயர் மட்டும் பதறவில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்து நீட்டினார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு, இதக் கட்டுங்கோ!" மாமா... அதாவது மாப்பிள்ளை, கட்டினார்.

தங்கத் தாலி மதியப் பந்தியின்போது டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எம் மாத்திர எங்கடா?"

இப்போதும் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நான் யாரையாவது "வாங்க மாமா" என்று கும்பிட்டால் போதும். சுற்றியிருக்கும் ஆறு பேர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.