குமட்டலுக்குத் தெரியாத வழி

என் மனைவியின் மூளையை ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம். இந்த முறை டாக்டரே துப்புக் கொடுத்திருந்தார்.

அவளுக்குப் புற்றுநோய். கீமோ ஏறிக்கொண்டிருந்தது. போன தடவை மருந்து ஏறும் முன்பே, ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே வாந்தி. டாக்டர் விளக்கினார். கீமோ குடலைச் சீண்டுகிறது. குடல் நரம்பு வழியே மூளைக்கு மணியடிக்கிறது. அந்த மணியை அமுக்க ஒரு மாத்திரை. இப்போது மூளை கேட்டையும் வாசனையையும் மனப்பாடம் செய்துவிட்டதால் மணியடிக்காமலே ஓடி வருகிறது. அதைச் சமாதானப்படுத்த இன்னொரு மாத்திரை. இரண்டையும் வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். இனியும் எடை குறைந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

"குமட்டலே இல்லாதப்ப எதுக்குங்க மாத்திரை?" என்று அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மாத்திரை செய்யாததை ஸ்டியரிங் செய்யும் என்று நம்புகிறவன். கேட்டைப் பார்த்தால்தானே வாந்தி? சந்து சந்தாகப் புகுந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பின்வாசலில் போய் நின்றால்? விடியும்போதே எழுந்து காரைக் கழுவினேன். பழைய வாசனை போக எலுமிச்சை சென்ட்டைப் பாட்டிலோடு கவிழ்த்தேன்.

புறப்பட்டோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முகத்தைப் பார்த்தேன். மீதி நேரத்தில் சாலையைப் பார்த்தேன். பாதி வழியில் அவள் கண் சொருகித் தூங்கிவிட்டாள். மூளை ஏமாந்துவிட்டது. மனசுக்குள் விசிலடித்தேன்.

அடுத்த திருப்பத்தில் எலுமிச்சை மூக்கைத் தாண்டி என் வயிற்றில் இறங்கியது. வாயில் எச்சில் ஊறியது. நெற்றி வியர்த்தது. ஸ்டியரிங் வழுக்கியது.

கார் தானாக நின்றது. தானாக இல்லை. சொல்லிக்கொடுக்கிற கார் என்பதால் வாத்தியார் சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்த சீட்டில் அவள். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் பிரேக்கை மிதித்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் தாடைக்குக் கீழே பிடித்தாள். முதுகைத் தடவிவிட்டாள்.

"மெதுவா. முழுசா எடுத்துடுங்க."

எடுத்தேன். மூச்சு வந்ததும், உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு மாத்திரையும் காலையிலேயே போட்டாச்சு. அதான் தூக்கம் சொக்குது."

"அப்புறம் எதுக்கு இத்தனை சந்து சுத்த விட்ட?"

"பாடிக்கிட்டே காரைக் கழுவுனீங்க. எனக்கு உடம்புக்கு வந்ததுலேர்ந்து உங்க பாட்டையே கேக்கல. கெடுக்க மனசு வரல."

நான் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

"பை மட்டும் எதுக்குக் கொண்டுவந்த?"

"போன தடவை நான் வாந்தி எடுத்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேனே."

மெயின் கேட் வழியாகவே போனோம். அவள் கேட்டைப் பார்த்தாள். அமைதியாகக் கொட்டாவி விட்டாள். இன்னொரு பை எனக்குத்தான் தேவைப்பட்டது.

காரின் முன்னால், ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான 'எல்' போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள்.