சங்கம் இல்லாத ஊரில் ஒரு வீடு

கமலினி அடுப்பிலிருந்த தாச்சியில் செத்தல் மிளகாயைப் போட்டு இரண்டு தரம் பிரட்டியிருப்பாள். மூன்றாம் தரம் பிரட்டும்போது வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

அவளுடைய கணவர் அரியரத்தினம் கதவைத் திறந்தார். தலைக்கவசம் அணிந்த ஐந்து பேர் தண்ணீர்க் குழாயோடு நின்றார்கள். நடுவில் நின்றவர் க்ளைவ், ஊர் இறைச்சிக்கடைக்காரர். சம்பளமில்லாத தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர். நெருப்பு எங்கே என்று கேட்க வாயைத் திறந்தார். குசினி அடுப்பிலிருந்து வந்த காற்று முந்திக்கொண்டது. ஐந்து பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள்.

அரியரத்தினத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வீட்டை வாங்கியதே மிளகாய் வறுப்பதற்காகத்தான்.

அதற்கு முன் அவர்கள் சிட்னியில், ஹோம்புஷில் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். அங்கே குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று இருந்தது. பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது, மாடிப்படியில் செருப்பு விடக் கூடாது என்று சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கமலினி கறித்தூளுக்கு வறுத்த ஒவ்வொரு முறையும் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வரும். கடையில் விற்கிற மஞ்சள் நிறக் கறித்தூளைப் போட்டுச் சமைத்துப் பார்த்தாள். அந்தக் கறியை இரண்டு பேரும் பாதியிலேயே ஒதுக்கிவைத்தார்கள்.

அரியரத்தினம் கணக்கு வாத்தியார். நாட்டுப்புறத்துக்கு மாற்றம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது, உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று அதிகாரி இரண்டு தரம் விசாரித்தார். மெரிண்டேல் என்ற சின்ன ஊர் கிடைத்தது. நீல மலைகளுக்கு அப்பால், தகரக் கூரை போட்ட மர வீடு, பின்வளவில் ஒரு எலுமிச்சை. வீட்டுத் தரகரிடம் அவர்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி: இங்கே குடியிருப்போர் சங்கம் உண்டா? தரகர் நெடுநேரம் யோசித்துவிட்டு, கால்பந்துச் சங்கம் மட்டும்தான் உண்டு, அதில் சேராவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டு வாசலில் வண்டி.

அடுத்த தரம் புகை வெளியே போகக் கூடாது என்று அரியரத்தினம் எல்லா ஜன்னலையும் பூட்டினார். கதவிடுக்குகளில் ஈரத்துணி திணித்தார். கமலினி முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு வறுத்தாள். புகை வழி தேடிக் கூரைக்கு ஏறி, தகரத்தின் நான்கு விளிம்பாலும் வெளியே வந்தது. தெருவில் நின்று பார்த்தால் வீடு முழுவதும் உள்ளே எரிவதுபோல இருந்ததாம். க்ளைவின் ஆட்கள் பின்கதவைக் கோடரியால் பிளந்துகொண்டு வந்து, மிளகாயும் கையுமாக நின்ற கமலினியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுப்பை நிறுத்தவில்லை என்று அவள் தமிழில் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் தரம் பின்வளவின் கோடியில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார்கள். இந்த முறை உண்மையிலேயே நெருப்பு இருந்ததால் படைக்கு உற்சாகம் கூடிவிட்டது. அடித்த தண்ணீரில் தாச்சி எலுமிச்சைக்கு மேலால் பறந்தது. மிளகாய் தோய்ந்த தண்ணீர் க்ளைவின் கண்ணில் தெறித்தது. வேலிக்கு வெளியே அரியரத்தினத்தின் மாணவர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் யாரோ மெல்ல இருமினார்கள்.

இனி முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்து அவர் க்ளைவிடம் போனார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வறுக்கப் போகிறோம், அது நெருப்பல்ல, யாரும் பதற வேண்டாம் என்றார். க்ளைவ், பத்து மணி மிகவும் வசதி என்றார். குத்தலாகச் சொல்கிறார் என்றே அரியரத்தினம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கமலினி நெருப்புக்குச்சியைக் கிழித்ததுதான் தாமதம், தெருமுனையில் சைரன் கேட்டது. படை முழுச் சீருடையில் இறங்கியது. பின்னால் பாதி ஊர். சிலர் உட்கார்ந்து பார்க்க மடக்குக் கதிரை கொண்டுவந்திருந்தார்கள்.

கமலினி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் திரும்பி ஹோம்புஷுக்கே போவம்."

"ஏனப்பா, அங்கையும் விடமாட்டாங்கள்தானே?"

"அங்க கடிதம்தான் வந்தது. இங்க வண்டியெல்லோ வருது."

வீடு அவருக்குப் பிடித்திருந்தது. பின்வளவில் அவள் போட்ட கொத்தமல்லி அப்போதுதான் முளைத்திருந்தது. கூட்டம் கலைந்த பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு இறைச்சிக்கடைக்கு நடந்தார்.

கடையில் க்ளைவும், கல்லாவில் அவர் மனைவி மேவிஸும் இருந்தார்கள். அரியரத்தினம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்புவித்தார். ஊருக்குக் கொடுத்த தொல்லைக்கு மன்னிக்க வேண்டும். இனி எங்கள் வீட்டில் ஒருநாளும் மிளகாய் வறுபடாது. அது சரிவராவிட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிறோம்.

க்ளைவ் கத்தியை மெல்லக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவை விட்டு வெளியே வந்தாள்.

"போய்விடாதீர்கள், மிஸ்டர் ரத்தினம். இந்த ஊரில் எதுவும் எரிவதில்லை, படையைக் கலைக்கப் போகிறோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். உங்களால்தான் வண்டி இன்னும் இங்கே நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை அங்கேயிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார், உங்கள் மனைவியிடம் கொஞ்சம் கூடுதலாகவே வறுக்கச் சொல்லுங்கள்."