கொப்பிக்குச் சுகம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள அந்த ஆசுபத்திரியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அங்கே கிளினிக் நாளில் வரிசையில் நிற்பது நோயாளிகள் அல்ல, கொப்பிகள். முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் சிகிச்சை விபரம் எழுதும் தங்கள் கிளினிக் கொப்பியை மர வாங்கில் வைத்து இடம்பிடித்துவிட்டு, பிளேன்ரீ குடிக்கப் போய்விடுவார்கள். கொப்பிகள் சண்டை சச்சரவின்றிக் கிடக்கும்.

தச்சுவேலை செய்யும் ஹரல்டின் கொப்பியும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்டு ஒரு வருடமாக அப்படிக் கிடந்தது. பித்தப்பையில் மூன்று கல். வலி வந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை திருகும். மனைவி மேவிஸ் பன்றி இறைச்சியை நிறுத்தி, தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி வைக்கத் தொடங்கியிருந்தாள். பாலில்லாச் சொதியோடு ஒரு மனிதன் எத்தனை காலந்தான் சோறு தின்பது? கல்லை எடுத்தே ஆகவேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஆசுபத்திரி உற்பத்தித்திறன் விருதுக்கு விண்ணப்பித்தது. நிருவாக உத்தியோகத்தர் நிலோஜன், கொப்பிகளின் ஒழுக்கத்தை மெச்சி ஓர் அறிவித்தல் ஒட்டினார்: "நோயாளர் நெரிசலைத் தவிர்க்கும் முகமாக, கொப்பிகள் மாத்திரமே உள்ளே அனுமதிக்கப்படும்." நோயாளிகள் கேற்றுக்கு வெளியே நின்றார்கள். பத்து மணிக்கே எல்லாக் கொப்பியும் திரும்பி வந்தது. சனத்துக்கு ஒரே சந்தோசம்.

ஹரல்ட் தன் கொப்பியைத் திறந்தார். "சத்திரசிகிச்சை முடிவுற்றது. நோயாளி நலம்" என்று முத்திரை குத்தியிருந்தது.

"ஐயா, எனக்கு இன்னும் வெட்டவே இல்லையே!"

"காத்திருப்போர் பட்டியல் பூச்சியமா இரிந்தாத்தான் விருது," என்றார் கேற்றடியில் நின்ற நிலோஜன். "உங்கட கொப்பி ஒத்துழைச்சிட்டு. நீங்களும் ஒத்துழைங்க."

"கொப்பிக்குச் சுகம், சரி. நோகுறது எனக்குத்தானே?"

"கல் இரிக்கெண்டு ஆர் சொன்ன?"

"ஸ்கேன் ரிப்போட் இரிக்கு."

"அது ஒப்பரேசனுக்கு முந்தினது. செல்லாது."

"அப்ப புதுசா ஒண்டு எழுதித் தாங்க."

"சுகமான ஆளுக்கு எப்பிடி ஸ்கேன் எழுதுற?"

பின்னால் நின்ற ஓட்டமாவடி நபீஸாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, இப்பதான் வரிச கெதியாப் போகுது. குழப்பாதீங்க!"

விருதுக் குழு வந்த அன்றும் ஹரல்ட் முறையிடப் போனார். கேற்றடியில் வலி பிடித்தது. வயிற்றில் கைகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டாக மடிந்தார்.

"இவர் ஆர்?" என்றார் குழுத் தலைவர்.

"குணமான நோயாளி, சேர். நன்றி சொல்லிக் கும்பிட வந்திரிக்கார்," என்றார் நிலோஜன்.

தலைவர் உருகிப்போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். படம் எடுத்து முடிந்ததும் ஹரல்ட் அவருடைய சப்பாத்தின் மேல் வாந்தி எடுத்தார்.

யன்னலால் இதைக் கண்ட டாக்டர் கம்சாயினி ஓடி வந்து இமையை இழுத்துப் பார்த்தார். "கண் மஞ்சளிச்சுக் கிடக்கு. கல் பித்தக் குழாய்க்குள்ள இறங்கிட்டு. உடன வார்ட்டுக்கு!"

"கொப்பி மூடியாச்சே, டொக்டர்?" என்றார் நிலோஜன்.

"கொப்பிய விட்டிட்டு ஆளத் தூக்குங்க!"

குழாயில் அடைத்த கல்லை எடுத்தார்கள், பித்தப்பையையும் அகற்றினார்கள். ஹரல்ட் பிழைத்தார். மேவிஸ் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுச் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தாள். ஆசுபத்திரிக்கு விருதும் கிடைத்தது. படம் நன்றாக வந்திருந்ததாம்.

"இனி ஒவ்வொரு ஆளையும் நானே பார்ப்பன்," என்று டாக்டர் கம்சாயினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த கிளினிக்கில் ஆட்களே வரிசையில் நின்றார்கள். காயம் காட்ட வந்த ஹரல்ட் முப்பத்தேழாவது ஆள். மதியமாகியும் வரிசை பாதிகூட நகரவில்லை. கால் கடுத்தது.

நபீஸா கையெழுத்து வாங்க ஒரு மகஜரை நீட்டினார். "ஆட்களைப் பார்க்கும் இம்முறையால் பொதுமக்கள் பெரும் அசௌகரியத்துக்கு உள்ளாவதால், கொப்பி முறையை உடன் மீள அமுல்படுத்துக."

ஹரல்ட் இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை வாங்கி முதல் ஆளாக ஒப்பமிட்டார்.

"எனக்கெண்டாக் கல் எடுத்தாச்சு," என்றார்.