பென்சிலக்காவின் பதினோராவது கேள்வி

பென்சிலக்கா சரியாகத் தூங்குகிறாரா? மூன்று வாரமாக எனக்கு விடை தெரியவில்லை. நேரே கேட்டால் சொல்லமாட்டார். பினாங்கில் எந்தக் கிழவர் வாயிலிருந்தும் உண்மையை வரவழைத்தவர், தன் வாயை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்.

ஜார்ஜ் டவுனில், ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவத் திட்டம் ஒன்றின் அலுவலகத்தில் அப்போது அவர் மூத்த குமாஸ்தா, நான் புதியவள். கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில்கள் செருகியிருக்கும். அவற்றைத் தேடி எங்கள் மேசைகளையெல்லாம் கலைப்பார். பேனாவைத் தொடமாட்டார். "கேள்வின்னா அழிக்க முடியணும் லா!"

நான் தயாரித்த முதல் கருத்துப் படிவத்தில் பத்துக் கேள்விகள். வந்த படிவங்களிலெல்லாம் பத்துக்குமே 'மிகவும் திருப்தி'. நான் மிதந்தேன். மேலாளரோ, எங்கள் உறுப்பினர்கள் போய்வந்த மாடி கிளினிக்கோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கிளம்பிவிட்டார்.

"அத்தனையும் பொய்ம்மா," என்றார் பென்சிலக்கா. "குறை சொன்னா மெடிக்கல் கார்டைப் பிடுங்கிருவாங்கன்னு பயம்."

பதினோராவதாக ஒன்றை எழுதினார்: 'உங்கள் நண்பருக்கு எங்கள் கிளினிக்கில் என்ன சிரமம்?'

மேலாளர் குதித்தார். "ஃபிரண்டு கதை நமக்கு எதுக்கு?"

"பாஸ், உங்களுக்கு முடி கொட்டுதா?"

"சேச்சே!"

"உங்க ஃபிரண்டுக்கு?"

"அவனுக்கு... பாவம், கொஞ்சம் லா," என்றவரின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. படிவம் அச்சுக்குப் போனது.

முதலில் நிரப்ப வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். "எனக்கொரு குறையும் இல்லை பிள்ளை. என்ர சிநேகிதன்தான் பாவம், அந்தப் படியேற முழங்கால் விடுதில்லை," என்று தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் பதினோராவதுக்கு இடம் போதாமல் தனித்தாள் இணைத்தே படிவங்கள் வந்தன. ஊர் முழுக்க நண்பர்களின் முழங்கால்கள்! கிளினிக் கீழ்த்தளத்துக்கு இறங்கியது. பெரியவர் உள்ளே நடந்து போய்வந்து, "என்ர சிநேகிதனுக்கு இப்ப சுகம்," என்றார். அந்தப் படிவத்தில் என் கையும் உண்டு என்று என் மகளிடம் பெருமையடித்துக்கொள்கிறேன். அவளுக்கு எட்டு மாதம்.

போன வருடம் ஓய்வுபெற்ற பென்சிலக்கா இப்போது எங்கள் உறுப்பினர். மூன்று வாரத்துக்கு முன் அவருடைய படிவமும் வந்தது. பத்துக்கும் 'மிகவும் திருப்தி'. பதினோராவதில், பென்சிலில்: 'என் சிநேகிதி ஒருத்தி சரியாகத் தூங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள். யாராவது போய்ப் பேசிக்கொண்டிருந்தால் நல்லது.'

அந்தச் சிநேகிதி நானோ? கைக்குழந்தைக்காரி நான், தூங்காததும் பயப்படுவதும் உண்மைதான். ஆனால் 'நண்பர்' என்றால் யார் என்று கண்டுபிடித்தவரே அவராயிற்றே! இரண்டு முறை பஸ் நிறுத்தம் வரை போய், தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று திரும்பிவிட்டேன்.

வாசகர்களே, இந்த ஞாயிறு குழந்தையோடு போய்க் கதவைத் தட்டப் போகிறேன். எங்களில் யார் தூங்கவில்லை என்று சொல்லி உள்ளே நுழைய? நீங்களே சொல்லுங்கள்.