வேலுச்சாமிக்குச் சின்ன எழுத்து

வீட்டில் முதன்முதலாகப் படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நம்புகிறார்கள். அதைவிட ஆபத்து, அவளும் நம்பிவிடுவது. நான் அப்போது கல்லூரியில் பிரீ டிகிரி முதல் வருஷம். (என் தலைக்கனத்தை ஏற்ற முதலமடை மாம்பழ லாரி ஒன்று போதாது.)

என் அண்ணனின் வாலிபால் குழு ஒரு போட்டி நடத்த நினைத்தது. ஊரில் சமதளமான ஒரே இடம், பெரிய ஊட்டு வேலுச்சாமி ஐயாவின் மாந்தோப்பை ஒட்டிய நிலம். "நோட்டீசுல என்ற பேரைப் போட்டு, சபையில வாசிக்கோணும். அப்பத்தான் நெலம்" என்று சொல்லிவிட்டார் அவர்.

எங்களுடையது தமிழும் மலையாளமும் கலந்த எல்லையோர ஊர். நோட்டீசைத் தமிழில் அடித்தால் மலையாளிகள் கோபிப்பார்கள். மலையாளத்தில் அடித்தால் நம்மவர்கள். ஆங்கிலத்தில் அடித்தால் யாருக்கும் புரியாது, சண்டையும் வராது. "எம்புள்ள எழுதீருவாளுங்க" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

எழுதினேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்பது நாம் பேச்சில் சேர்க்கும் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆகவே வாலிபால், வலை, பந்து, சர்வீஸ் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. (ஆட்டத்துக்குச் சின்ன எழுத்து போதும், ஆளுக்கும் அணிக்கும் கோப்பைக்கும்தான் பெரியது என்று பிற்பாடுதான் தெரிந்தது.)

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் பாதியில் நிமிர்ந்தார். "பெரிய 'வி' தீந்து போச்சுங்க அம்மிணி. ஐயா பேருக்கு ஒண்ணு வேணும். ஏதாச்சும் ஒரு வாலிபால்ல இருந்து உருவிக்கட்டுங்களா?"

"ஆகாதுங்க. பேருக்குச் சின்னதே போடுங்க. அவருக்கு இங்கிலீசு தெரியாது."

அங்கேதான் கவிழ்ந்தேன். ஐயாவுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து தெரியும். லாரியில் ஏறும் அவருடைய மாம்பழப் பெட்டி ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எழுதியிருக்கும் பெரிய 'வி'.

போட்டியன்று வலை கட்டியாயிற்று, கூட்டமும் கூடிவிட்டது. மேடையில் நோட்டீசைக் கையில் வாங்கிய ஐயாவின் விரல் அங்கங்கே நின்று நின்று போயிற்று. "ஏனம்மிணி, இத்தனை எடத்துலயா என்ற பேரு? தமிழ்ல படி கண்ணு, எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணன் வலையைப் பார்த்தான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் வலை அவிழும். அந்தச் சிரிப்பும் போகும். மைக்கைப் பிடித்தேன்.

"வேலுச்சாமி சங்கம் நடத்தும் மாபெரும் வேலுச்சாமிப் போட்டி. வேலுச்சாமி வீரர்கள் அனைவரும் வருக..."

பக்கத்து நாற்காலியில் இருந்த மலையாளி வில்லேஜ் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நோட்டீசை மறுபடி பார்த்தார். என்னையும் பார்த்தார். "கொள்ளாம்" என்றார், 'பரவாயில்லையே' என்கிற மாதிரி.

ஐயாவின் விரல் கடைசி வரிக்கு வந்தது. "இங்க சின்னதா ஒண்ணு கெடக்குதே, அதென்ன?"

அதுதான் அவர் பெயர். "அதுங்களா... பந்தாட்டமுங்க."

"பாவம், அதையும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்."

போட்டி நடந்தது. அண்ணன் குழு தோற்றது. அப்பா மட்டும் ஜெயித்தவர் மாதிரி வீடு வந்தார்.

போன வருஷம் என் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது ஐயா பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். "என்ற பேரு எங்க? சின்னதாத்தான் இருக்கும், பந்தாட்டம் பக்கத்துல தேடோணும்" என்றார். "ஆபீசர் அன்னிக்கே காதுல சொல்லிப்போட்டாரு கண்ணு. எந்திரிக்கத்தான் போனேன். உங்கப்பன் மொகத்தைப் பாத்தேன், உக்காந்துட்டேன்."

ஊர் அந்த ஆட்டத்தை இன்றுவரை வாலிபால் என்று சொல்வதில்லை. கல்யாணமான மறுநாள் சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். "மாப்பிள்ளை, வாங்க, கொஞ்ச நேரம் வேலுச்சாமி அடிச்சுட்டு வரலாம்."

முந்தின நாள்தான் ஐயா காலில் விழுந்து ஆசி வாங்கியிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் குனிந்தார். "அந்தப் பெரியவரு என்ன தப்புப் பண்ணுனாரு?"