ஆதாம் பாதி, குரங்கு பாதி

யாரையும் நம்பாதவன் ஏமாறவே மாட்டான் என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. அவன் தன்னிடமே ஏமாறுவான். (சொந்த அனுபவம்.)

அறுபதுகளின் தொடக்கம். விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு, கொடைக்கானலில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு அறிவியல் வாத்தியார் வேலை கேட்டுப் போயிருந்தேன். வேலை கிடைக்காவிட்டால் பழனியில் எங்கள் பஞ்சாமிர்தக் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. எனக்கோ அந்த வாழைப்பழ வாசனையே ஆகாது.

வராந்தா பெஞ்சில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரும் காத்திருந்தார். என் காதருகே குனிந்தார்.

"பரிணாமம் பத்தித்தான் கேக்காகளாம். மனசுல உள்ளதைச் சொல்லிருங்கண்ணே. ஒண்ணும் பண்ண மாட்டாக."

எனக்குச் சுரீர் என்றது. போட்டிக்கு வந்தவன் எதற்கு வழி சொல்கிறான்? பைபிள் படிக்கிற இடத்தில் என் வாயால் குரங்கு என்று சொல்ல வைத்து, வெளியே தள்ளப் பார்க்கிறான்!

உள்ளே போனேன். சுவரில் ஏதேன் தோட்டப் படம். அதற்கு நேர் கீழே அலமாரியில் ஒரு குரங்கு மண்டையோடு. (பொறி வைத்திருக்கிறார்கள்!) நேர்காணலுக்கு இருவர். ஃபாதர் சிரித்தார், சந்தேகமாக இருந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் சிரிக்கவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

"மனுஷன் எப்படித் தம்பி வந்தான்?" என்றார் ஃபாதர்.

கொடைக்கானல் குளிரில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"வத்தலக்குண்டு பஸ்ல, ஃபாதர்."

"உங்களைக் கேக்கலை தம்பி. மனுஷ குலத்தைக் கேக்கேன். ஆதாமா, குரங்கா?"

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஆதாம் பாதி, குரங்கு பாதி."

"எது மேல் பாதி?" என்றார் சிஸ்டர்.

ஃபாதர் கையமர்த்தினார். "பயப்படாதீங்க. நாங்களே இதுல ஒத்துப்போகலை. கடவுள் உடம்பை மெல்ல மெல்ல உருவாக்கி, அப்புறந்தான் ஆத்துமாவைக் கொடுத்தாருன்னு நான் நம்புறேன். சிஸ்டர் ஆறே நாள்னு நிக்கிறாங்க. பிள்ளைக கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

இவ்வளவு நேர்மையா? இதுதான் பெரிய பொறி என்று முடிவு செய்து, அதன்பின் நான் வாயே திறக்கவில்லை.

வேலை ஒட்டன்சத்திரத்துக்காரருக்குக் கிடைத்தது. பின்னாளில் பஞ்சாமிர்தம் வாங்க வந்தபோது அவரே சொன்னார்: "எனக்கே குழப்பந்தான், ரெண்டையும் பிள்ளைககிட்டச் சொல்லுவேன்னேன். அம்புட்டுத்தாண்ணே." நான் கல்லாவில் உட்கார்ந்தபடி டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் குழந்தை பிறந்தால், "எந்த பஸ்ல வந்திருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். சமீபத்தில் பேத்தி பிறந்தபோது என் மனைவி அவளைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"தாத்தா வந்த அதே பஸ்தான். பாருங்க, டாக்டரம்மாவையே எப்படிச் சந்தேகமா முழிச்சுப் பாக்குதுன்னு!"